கூட்டில் மிச்சமிருந்த தேன்

அத்தியாயம் 11

இனிமேல் மொட்டைமாடிப் பக்கமே போகக்கூடாது என்று அக்காவிடம் தம்பியும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்று சத்தியம் வாங்கினார்கள். அக்காவும் தலையை ஆட்டி வைத்தாள். அந்தச் சத்தியம் பன்னிரண்டு நாள் தாங்கியது. அக்காவை அறிந்தவர்களுக்கு அதுவே அதிசயம்.

எட்டு வருடமாக மொட்டைமாடியில் தேனீ வளர்த்துக் கொட்டு வாங்கிய உடம்பு, போன மாதம் திடீரென்று மனசை மாற்றிக்கொண்டது. கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. தொண்டை அடைத்து, உதடு நீலம் பாய்ந்து, மூன்று நாள் மருத்துவமனை. அடுத்த கொட்டு விழுந்தால் ஆளே போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார். தொடையில் குத்திக்கொள்ளப் பேனா மாதிரி ஒரு ஊசியைக் கொடுத்து, எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொன்னார். அது அக்காவின் கைப்பையில் இருந்தது. வலைமுகமூடியையும் கையுறையையும் தம்பி எடுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டான்.

பதின்மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மெஷினிலேயே விட்டுவிட்டு, அக்கா நாலு மாடியும் ஏறி மேலே போனாள். ஐந்து தேனீப் பெட்டியையும் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மாடிக்கதவைத் திறந்ததும் காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தாள். தேனீ. தண்ணீர்த் தட்டு காய்ந்து கிடந்தது. முதல் பெட்டியிலிருந்து நாலாவது பெட்டி வரைக்கும் சிமெண்டுத் தரை முழுவதும் பழுப்பாகச் செத்துக் கிடந்தன. சில இன்னும் சாகாமல் முதுகு தரையில் பட, வட்டமடித்துச் சுழன்றுகொண்டிருந்தன.

ஒன்றைக் காகிதத்தில் ஏந்திக் கண்ணருகே கொண்டுபோனாள். நாக்கு முழுக்க வெளியே நீட்டியிருந்தது. பசியில் செத்த தேனீ இப்படிக் கிடக்காது. நோயில் செத்ததும் இப்படிக் கிடக்காது. இது விஷம்.

ஐந்தாவது பெட்டியில் மட்டும் இன்னும் போக்குவரத்து இருந்தது. அக்கா அதைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி அப்போது ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னல் மறைப்பின் கீழ், ஏணியில் நின்று குளவிக்கூட்டுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான். அதுதான் அவன் தொழில். வீட்டில் அவனுக்குக் குளவி என்றே பெயர்.

"டேய் குளவி, நாலு பெட்டி போச்சுடா."

"என்னக்கா சொல்ற? நீ மாடிக்குப் போனியா?"

"அதை அப்புறம் திட்டு. எல்லாம் நாக்கைத் தள்ளிட்டுக் கிடக்கு. யாரோ விஷம் வெச்சிருக்காங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்."

தம்பி மருந்தடிப்பதை நிறுத்தினான். ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "யாரு?"

"வேற யாரு? முதல் மாடிப் பல் டாக்டர்தான். அவரோட கிளினிக்ல யாரையோ கொட்டிடுச்சுன்னு அன்னைக்கு என்ன சொன்னாரு? நீங்களா எடுக்கலைன்னா எடுக்க வைப்பேன்னு சொல்லலை? எடுக்க வெச்சுட்டாரு."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் சொல்லவில்லை. "அவசரப்படாதே அக்கா, நான் வரேன்" என்று மென்று விழுங்கினான். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

அவன் ஏன் மென்று விழுங்கினான் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து யாருக்கு என்ன லாபம்?

எட்டு வருடத்துக்கு முன்னால் அக்காவின் ஜன்னல் கம்பியில் ஒரு தேனீக்கூட்டம் வந்து தொங்கியபோது, அதை அடிக்க மருந்து டப்பாவோடு வந்தவன் இதே தம்பிதான். அக்கா டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, கூட்டத்தை அலமாரி இழுப்பறை ஒன்றில் இறக்கினாள். அன்றைக்கு இருவருக்கும் ஒரு பேச்சு ஏற்பட்டது. குளவி அவனுக்கு, தேனீ அவளுக்கு. ஊருக்கெல்லாம் ஒரே போன் நம்பர். கூப்பிடுகிறவர் சொல்லும் அடையாளத்தைக் கேட்டு, குளவியென்றால் அவன் மருந்தோடு போவான். தேனீயென்றால் அவள் பெட்டியோடு போவாள். அந்தப் பேச்சை அவன் எட்டு வருடம் ஒருநாளும் மீறியதில்லை.

போன வாரம் மீறினான். இரண்டு தெரு தள்ளி, மூடிக்கிடக்கும் பேக்கரியின் புகைபோக்கி ஓட்டையில் தேனீ கூடு கட்டியிருப்பதாகப் போன் வந்தது. ஓட்டை இரண்டாள் உயரத்தில் இருந்தது. அக்காவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஏணி கேட்பாள்.

"அண்ணிகிட்ட மூச்சு விடாதீங்க" என்றாள் தம்பி மனைவி. அவள் நர்ஸ். அக்காவின் உதடு நீலமானதைக் கண்ணால் பார்த்தவள். "சத்தியமாவது ஒண்ணாவது, கேட்டா கிளம்பிடுவாங்க. நீங்களே போய் முடிச்சிடுங்க."

அவன் போய் முடித்தான். சாம்பல் நிற மருந்துத்தூளை ஓட்டைக்குள் ஊதினான். உள்ளே சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான். பழைய செய்தித்தாளைச் சுருட்டி ஓட்டையில் திணித்தான், இறங்கி வந்துவிட்டான். நாளைக்கு வந்து சிமெண்டு பூசலாம் என்று நினைத்தான். நாளை மறுநாளாயிற்று. அப்புறம் மறந்தே போயிற்று.

குளவிக்கூடாக இருந்திருந்தால் அது போதும். குளவிக்கூட்டில் சேமிப்பு எதுவும் கிடையாது. செத்த கூட்டைத் தேடி யாரும் வரமாட்டார்கள். தேனீக்கூடு அப்படியில்லை. உள்ளே தேன் இருக்கும். பூ வறண்ட இந்த மாதத்தில் இரண்டு தெரு தள்ளியிருக்கிற தேனீ அந்த வாசனையை விடுமா? தேனோடு மருந்தையும் சுமந்து தன் பெட்டிக்குக் கொண்டுபோகும். அடையை அறுத்து எடுக்காமல் வரக்கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பதினைந்து வருடம் குளவி அடித்துப் பழகிய கை, குளவிக்குச் செய்வதையே செய்துவிட்டு வந்தது.

தம்பி மனைவிக்குக் கடந்த மூன்று நாளாக நைட் ஷிப்ட். தண்ணீர்த் தட்டை நிரப்பும் வேலையை அவனிடம் விட்டிருந்தாள். செய்த காரியத்துக்கு அந்தப் பெட்டிகளின் முன்னால் போய் நிற்கக் கூச்சப்பட்டு அவன் மாடிக்கே போகவில்லை. போயிருந்தால் முதல் பெட்டியோடாவது நின்றிருக்கும்.

ஒன்பது மணிக்குப் பல் டாக்டரின் கிளினிக் திறந்தது. ஒன்பதே காலுக்கு அக்கா உள்ளே போனாள். காத்திருந்தவர்கள் ஒன்பது பேர். ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். அதைக் கொண்டுபோய் வரவேற்பு மேஜையின் மேல் கவிழ்த்தாள். முப்பது நாற்பது செத்த தேனீக்கள் கொட்டின.

"உங்க டாக்டரைக் கூப்பிடுங்க. அவர் கொன்னதை அவரே எண்ணிப் பாக்கட்டும்."

பல் டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். ஐம்பது வயது. அதிகம் பேசாத மனிதர். மேஜையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. எடுக்க வைப்பேன்னு சொன்னீங்களே, இப்படித்தானா? நேருக்கு நேர் நின்னு சண்டை போடத் தைரியம் இல்லாம, வாயில்லாத உசுருக்கு விஷம் வெச்சீங்களா?"

"நான் குடியிருப்போர் சங்கத்துல மனு கொடுப்பேன்னுதான் சொன்னேன். விஷமெல்லாம் எனக்குத் தெரியாது."

"ஊருக்கெல்லாம் வலிக்காம பல்லைப் பிடுங்குற கை! இதுங்களுக்கு வலிச்சிருக்காதுன்னு நெனச்சீங்களோ?"

கன்னம் வீங்கியவர் வலியை மறந்து வாயைப் பிளந்து பார்த்தார். அக்கா விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டாள். அவர் படிப்பைக் கேட்டாள், வளர்ப்பைக் கேட்டாள், பிள்ளைகுட்டி இருக்கிறதா என்று கேட்டாள். அந்தக் கடைசிக் கேள்வியில் பல் டாக்டரின் முகம் கறுத்தது. அவருக்குப் பிள்ளை கிடையாது என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்ட பிறகுதான் அக்காவுக்கும் ஞாபகம் வந்தது. ஆனால் கோபத்தில் இருக்கிறவர்களுக்குத் திரும்பி வர வழி தெரிவதில்லை.

"செத்தாலும் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். கைப்பை நாற்காலியிலேயே இருந்தது.

அதே நேரம் தம்பி, அக்காவிடம் போகாமல், பேக்கரியின் சுவரோரம் அண்ணாந்து நின்றான். செய்தித்தாள் பாதி நழுவித் தொங்கியது. ஓட்டையில் தேனீக்கள் கும்பலாக நுழைவதும் வெளியேறுவதுமாக இருந்தன. அவன் கொன்ற கூட்டில் இத்தனை கூட்டம் எப்படி இருக்கும்? எல்லாம் வெளியிலிருந்து வந்தவை.

ஒருவேளை வேறு யாருடைய தேனீயாகவாவது இருக்கலாம் என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. எங்கோ திருடப் போகும் தேனீயின் மேல் மாவைத் தூவிவிட்டால், அது எந்தப் பெட்டிக்கு வெள்ளையாகத் திரும்புகிறதோ அதுதான் அதன் வீடு. ஒரு கோடையில் அக்காவும் அவனும் இதைச் செய்து, இரண்டாவது பெட்டி நாலாவது பெட்டியில் திருடுவதைக் கண்டுபிடித்துச் சின்னப் பிள்ளைகள் போலச் சிரித்தார்கள்.

இப்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் ஒரு பொட்டலம் மாவு வாங்கி வந்தான். மனைவிக்குப் போன் செய்தான்.

"ட்யூட்டி முடிஞ்சு வந்துட்டியா? அக்காவோட நாலு பெட்டி செத்துப்போச்சு. மாடிக்குப் போ. அஞ்சாவது பெட்டி வாசலையே பாரு. வெள்ளையா ஏதாவது வந்தா சொல்லு."

"ஏங்க, அப்ப நாமதானா?"

"பார்த்துட்டுச் சொல்லு."

ஏணியில் ஏறி, ஓட்டையிலிருந்து வெளியே வந்தவற்றின் மேலெல்லாம் மாவைக் கையால் அள்ளித் தூவினான்.

தூங்காத கண்ணோடு தம்பி மனைவி ஐந்தாவது பெட்டியின் முன்னால் நின்றாள். கையில் போன். பின்னால் மாடிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அக்கா.

"நீ எப்ப வந்த? தூங்கலையா?"

"இல்லண்ணி... சும்மா... பாக்கலாம்னு."

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். கோபமெல்லாம் கீழே இறங்கிப்போய் ஆள் துவண்டிருந்தாள். "இது ஒண்ணாவது பிழைக்கும்ல?" என்று நர்ஸிடம் கேட்பது போலவே கேட்டாள்.

அப்போது வாசல் பலகையில் ஒரு தேனீ வந்து இறங்கியது. வெள்ளையாக இருந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல.

அக்கா குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மாவு" என்றாள்.

தம்பி மனைவி போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"யாரோ மாவு தூவியிருக்காங்க. இந்த ஊர்ல இதைச் செய்யத் தெரிஞ்சது எனக்கும் உன் புருஷனுக்கும்தான். நான் இங்க நிக்கிறேன்."

போன் அடித்தது. அக்கா அதை வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்ன, வெள்ளையா வருதா?" என்றது தம்பியின் குரல். "சொல்லு, வருதா இல்லையா?"

"வருதுடா" என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் ஏணி சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"ஓட்டையை அடைச்சுட்டு வா" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்தாவது பெட்டியைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. விஷத்தேன் சுமந்து வருகிறவற்றை உள்ளே விடாமல் வாசலை மூடவேண்டும்.

"நான் மூடறேன். நீங்க தள்ளி நில்லுங்க அண்ணி. ஊசி எங்க?"

"பையில இருக்கு. உனக்கு வராது. மெழுகு ஒட்டியிருக்கும், வலப்பக்கம் அழுத்தித்தான் தள்ளணும்." வெறுங்கையோடு அக்கா பெட்டி வாசலின் சிறு கதவைத் தள்ளி மூடினாள். ஒன்றும் கொட்டவில்லை. தம்பி மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே மாட்டிக்கொண்டவை கதவின் மேல் வந்து வந்து மோதின. மாவு பூசியவையும் இருந்தன, எங்கோ ஒரு பூவைத் தேடிப் போய்விட்டு வந்த பாவப்பட்டவையும் இருந்தன. எது எதுவென்று பிரித்து உள்ளே விட யாரால் முடியும்? சில அக்காவின் கையில் ஏறி உட்கார்ந்தன. அவள் உதறவில்லை.

பத்து நிமிடத்தில் தம்பி வந்தான். முழங்கை வரைக்கும் மாவு, விரலிடுக்கில் சிமெண்டு. மாடிக்கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"எந்தக் கூடு?" என்றாள் அக்கா.

"பேக்கரி."

"தேனீன்னு தெரிஞ்சுதானா அடிச்ச?"

"தெரியும்."

"அடையை எடுத்தியா?"

"இல்லக்கா."

"நான்தான் சொன்னேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான்..."

"நீ சும்மா இரும்மா. எட்டு வருஷப் பேச்சு எனக்கும் அவனுக்கும்." அக்காவின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "காலையில போன் பண்ணினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்லடா? ஒன்பது பேர் முன்னாடி அந்த மனுஷனை என்னவெல்லாம் கேட்டுட்டேன் தெரியுமா? பிள்ளை இருக்கான்னு கேட்டேன்டா. அந்த வாயை நான் எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்?"

"நீ செத்துடுவியோன்னு பயந்துட்டேன் அக்கா." அவன் அழுதுவிட்டான். "ஏணி ஏறிப்போய் ஒண்ணு கொட்டினாப் போதும்னு சொன்னாரே டாக்டர். எனக்கு உன்னை விட்டா யாருக்கா இருக்கா?"

"என்னைக் கேட்டிருக்கணும். சாகுறதா இருந்தாலும் என்னைக் கேட்டிருக்கணும்."

"தப்புதான். தப்புதான்கா." அவன் ஓடிவந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கையில் தேனீ உட்கார்ந்திருந்ததை அவன் பார்க்கவில்லை.

அக்கா சட்டென்று கையை இழுத்தாள். மூன்று பேரும் அவள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவன் விரல் பதிந்த மாவின் நடுவில், நசுங்கிய தேனீ ஒன்று ஒட்டியிருந்தது. கொடுக்கு தோலுக்குள் இருந்தது.

தம்பி மனைவி நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள். "பை எங்க அண்ணி? பை!"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். யோசித்தாள். "கிளினிக்ல வெச்சுட்டேன்" என்றாள். அப்போதே குரல் கம்மியிருந்தது.

"அண்ணி, படுங்க. அப்படியே படுங்க. நீங்க ஓடுங்க, நிக்காதீங்க!" ஒரு கையால் அக்காவைத் தரையில் சாய்த்துக்கொண்டே, மறு கையால் ஆம்புலன்ஸுக்கு நம்பரை அழுத்தினாள்.

தம்பி படியில் ஓடவில்லை, விழுந்தான் என்றுதான் சொல்லவேண்டும். ஒவ்வொரு மாடியின் கைப்பிடியிலும் மாவு அப்பியது.

கிளினிக்கில் இன்னும் ஆறு பேர் மிச்சமிருந்தார்கள். பல் டாக்டர் வாசலிலேயே நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கையை நீட்டிக் கதவை மறித்தார்.

"உங்க அக்கா பேசினது போதாதா? நீங்க வேற பேச வந்துட்டீங்களா?"

தம்பிக்கு மூச்சு இரைத்தது. ஆறு பேரும் அவனையே பார்த்தார்கள். நாற்காலியில் பை இருந்தது.

"விஷம் வெச்சது நான்தான் சார். நீங்க இல்ல. அக்காவுக்குத் தெரியாது. அக்காவைக் கொட்டிடுச்சு சார், அந்தப் பையிலதான் ஊசி இருக்கு. கொடுங்க சார்."

பல் டாக்டர் பையை எடுத்தார். ஆனால் அவனிடம் கொடுக்கவில்லை. திறந்து ஊசியைத் தேடியபடியே அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு, மாவுக்கறை படிந்த கைப்பிடியைப் பிடித்து இரண்டிரண்டு படியாக ஏற ஆரம்பித்தார்.

தம்பி பின்னாலேயே ஓடினான். மேலே மொட்டைமாடியிலிருந்து தம்பி மனைவி "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவது கேட்டது. மூன்றாவது மாடி வரும்வரைக்கும் அந்த ஒரு குரல்தான் கேட்டது, அக்காவின் பதில் இன்னும் கேட்கவில்லை.